மகள் கேட்பது மார்க்கப் படிப்பு அல்ல

பி.ஏ. வரலாறு முடிக்கப்போகும் உங்கள் மகள், இன்றைய உலகில் முஸ்லிம்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பற்றி எம்.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். "ஆலிமா படிப்பு (பெண்களுக்கான மார்க்கக் கல்வி) ஊரிலேயே இருக்கிறது, இதற்கு ஏன் வெளிநாடு? படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான் அம்மா.

ஃபிக்ஹும் (மார்க்கச் சட்டம்) தஃப்சீரும் (குர்ஆன் விளக்கம்) ஆழமாகக் கற்க நினைத்தால் மத்ரஸாதான் சரியான இடம். உங்கள் மகள் கேட்பது சமூகவியலுக்குப் பக்கத்துப் படிப்பு. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில், அந்நாட்டு முஸ்லிம்களைப் பற்றி ஆராய்வதற்கென்றே 2005ல் ஒரு மையம் தொடங்கினார்கள். மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் துணையாக நியமிக்கப்படும் முஸ்லிம் ஊழியர்களைப் பற்றி அங்கே பெரிய ஆய்வு நடந்தது. பள்ளிவாசலில் தொழவைப்பது ஒரு வேலை. கடைசி நேரத்தில் இருக்கும் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து, குடும்பத்தாருக்கும் டாக்டருக்கும் நடுவில் பேசுவது முற்றிலும் வேறு வேலை. அதைப் புரிந்துகொள்ள ஆட்களோடு பழக வேண்டும், பேட்டி எடுக்க வேண்டும், கேட்டதை நேர்மையாக எழுத வேண்டும். இந்தப் பயிற்சிதான் படிப்பின் உயிர். ஆகவே பாடத்திட்டத்தில் களஆய்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

அடுத்தது மொழி. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அரபி தெரிந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் உலக முஸ்லிம்களில் பெரும்பாலோர் அரபு நாடுகளுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். இந்தோனேசியாவில் மட்டும் 20 கோடிக்கு மேல். ஜகார்த்தாவை ஒட்டிய டெப்போக்கில், இந்தோனேசிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 2021ல் வகுப்புகளைத் தொடங்கியது. ஆங்கிலவழிதான், உதவித்தொகையும் உண்டு. லண்டனில் ஆகா கான் பல்கலைக்கழகத்தின் முஸ்லிம் நாகரிக ஆய்வு நிறுவனம் 2002 முதல் இருக்கிறது. எங்கே போனாலும் உங்கள் மகளிடம் பலருக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கும்: தமிழ். நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வாழ்க்கை பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் பரந்து கிடக்கிறது. சிங்கப்பூரில் 1828-30ல் கட்டிய நாகூர் தர்கா இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை மையம். அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ், படிக்கத் தெரிந்த இளம் ஆய்வாளர்கள் நிறையப் பேர் தேவைப்படுகிறார்கள். அதை அவள் இப்போதே, வீட்டுப் பெரியவர்களிடம் தொடங்கலாம்.

இனி பணம். வீட்டை அடமானம் வைத்து இந்தப் படிப்புக்கு அனுப்பாதீர்கள். பொறியியல் போல வளாகத் தேர்வில் வேலை கிடைக்கிற துறை இல்லை இது. உதவித்தொகை கிடைத்தால் போகட்டும், இல்லையென்றால் ஓர் ஆண்டு பொறுக்கட்டும். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள், படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்கவும் வேண்டும். அதனால் கல்லூரி முடித்த கையோடு அதை நம்ப முடியாது.

வேலை என்றால் அகதிகள் மறுவாழ்வு, நிவாரண அமைப்புகள், பத்திரிகை, அருங்காட்சியகம், ஆய்வு நிறுவனங்கள். கல்லூரி ஆசிரியப் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் சமூகவியலும் உண்டு, அரபுப் பண்பாடும் இஸ்லாமியவியலும் என்ற தனிப்பாடமும் உண்டு. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு அலைவது பெரும்பாடு.

சரி, இப்போது அவள் செய்யவேண்டியது ஒன்று. "இஸ்லாமும் நவீன உலகமும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எந்தத் துறையும் ஏறிட்டுப் பார்க்காது. யாரைப் பற்றி, எந்த ஊரில், எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாள் என்று ஒரே பக்கம் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு, எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.