சூரியனும் பனியும் கடவுளை எப்படித் துதிக்கும்?

வாயில்லாத பொருள்கள் துதிப்பதாகக் கிறிஸ்தவப் பாடல்கள் சொல்வது வெறும் கவிதை அலங்காரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். பைபிளில் உள்ள துதிப்பாடலான 148ஆம் சங்கீதம் நெருப்பு, கல்மழை, பனி எல்லாவற்றையும் துதிக்க அழைக்கும்போது, பெருங்காற்றைக் கடவுளின் சொற்படி செய்வது என்கிறது. படைக்கப்பட்டபடி இருப்பதே அவற்றின் துதி.

இத்தாலியத் துறவியான அசிசி பிரான்சிஸ் ஏறக்குறைய பார்வையிழந்து, வெளிச்சத்தையே தாங்க முடியாமல் கிடந்த 1225ஆம் ஆண்டுவாக்கில், சூரியனைச் சகோதரன் என்றும் நிலவைச் சகோதரி என்றும் அழைத்துப் பாடல் இயற்றினார். (அதுவும் லத்தீனில் அல்ல, ஊர்மக்கள் பேசிய உம்பிரிய மொழியில்!) அதில் நீருக்கும் நெருப்புக்கும் அவற்றின் இயல்பே போதும். மனிதன் வரும் அடியில் மட்டும் நிலை மாறுகிறது: கடவுளின் அன்புக்காக மன்னிப்பவர்கள், நோயைப் பொறுப்பவர்கள் வழியாகத்தான் புகழ்ச்சி. கிறிஸ்தவ நம்பிக்கையில், அப்படி மன்னிக்கும் மனமும் கடவுளின் கிருபையால் கிடைப்பதே.