எம்.எஸ்சி. நர்சிங்: மார்க் குறைந்தவர்களின் கேள்விகள்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங்கில் இரண்டு அரியர் வைத்து, எழுதித் தேறினேன். என் கணக்குப்படி 55.25 சதவீதம் வருகிறது. எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, தேனி

பதில்: அரியரை நினைத்துக் கலங்காதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது மொத்தத்தில் 55 சதவீதம், மாநில நர்சிங் கவுன்சிலில் நர்சாகவும் மிட்வைஃபாகவும் (பிரசவம் பார்ப்பவர்) பதிவு, பட்டத்துக்குப் பின் ஒரு வருடப் பணி அனுபவம். அரியர் அதற்குத் தடையில்லை.

எங்களுக்குக் கவலை அந்த 0.25 மேல்தான். நான்கு வருட சதவீதங்களையும் கூட்டி நான்கால் வகுத்தீர்களா? அப்படியென்றால் கணக்கு தப்பு. ஒவ்வொரு வருடத்துக்கும் மொத்த மார்க் வேறு. ஓர் உதாரணம்: 700-க்கு 364, 600-க்கு 324, 600-க்கு 330, 300-க்கு 180. சதவீதங்களின் சராசரி 55.25. ஆனால் மார்க்கை மார்க்கோடு கூட்டினால் 2200-க்கு 1198, அதாவது 54.45. கடைசி வருடம் நன்றாக எழுதியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். மார்க் ஷீட்டுகளை எடுத்து வைத்து இன்றே கூட்டிப் பாருங்கள். 54.9 வந்தால் 55 என்று முழுமையாக்கி எழுதாதீர்கள். செமஸ்டர் முறையில் படித்தவர்கள் கிரேடு புள்ளிக்கு இணையான சதவீதத்தைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது அனுபவச் சான்றிதழ். இறுதியாண்டு இன்டர்ன்ஷிப் கணக்கில் வராது. பதிவுக்கு முந்தைய மாதங்களையும் நம்பாதீர்கள். பதிவுத் தேதியிலிருந்து 12 மாதம் எண்ணுங்கள். 'ஒரு வருடம் வேலை பார்த்தார்' என்று மொட்டையாக எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஸ்டாஃப் நர்ஸ் என்ற பதவி, வார்டு, பெட் எண்ணிக்கை எல்லாம் கேட்டு வாங்குங்கள். சம்பள ரசீதோடு தேதி ஒத்துப்போக வேண்டும்.

எய்ம்ஸ் உங்கள் கனவாக இருந்தால் அங்கே எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர்களுக்கு 60 சதவீதம் வேண்டும். அப்படியென்றால் இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மார்க் 52 சதவீதம். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்த்துவிடுவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நீங்கள் எஸ்.சி. அல்லது எஸ்.டி. பிரிவு என்றால் 5 சதவீதத் தளர்வு உண்டு, 50 போதும். சாதிச் சான்றிதழோடு நேரடியாகவே விண்ணப்பியுங்கள், ஏஜென்ட் எதற்கு? மற்ற பிரிவினருக்கு, பி.சி., எம்.பி.சி. உட்பட, கவுன்சில் விதியில் இந்தத் தளர்வு இல்லை.

மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் அதே 55தான். கல்லூரி சேர்த்துக்கொண்டாலும் பல்கலைக்கழகம் தகுதியைச் சரிபார்த்து நிராகரித்தால் கட்டிய பணமும் ஒரு வருடமும் போய்விடும். தயவுசெய்து முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்த வருடத்தைப் போஸ்ட் பேசிக் டிப்ளமோவுக்கு, அதாவது பதிவு பெற்ற நர்சுகள் ஒரு சிறப்புப் பிரிவில் படிக்கும் படிப்புக்கு, கொடுங்கள். தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை, ஆபரேஷன் தியேட்டர் என்று பிரிவுகள் உண்டு. படிப்பு ஒரு வருடம், பெரும்பகுதி வார்டில்தான். பதிவும் ஒரு வருட அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தீவிர சிகிச்சைக்கான முதுநிலை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு எம்.எஸ்சி.க்கு மாற்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கும் 55 வேண்டும்.