சீன மருத்துவமும் சக்தி சிகிச்சையும் - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய், கூடவே முழங்கால் வலி. அக்குபங்சர் போட ஆரம்பித்த பிறகு வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. இப்போது அதே இடத்தில், உடம்பைத் தொடாமல் மேலே கையை வைத்து ‘எனர்ஜி ஹீலிங்’ செய்கிறார்கள். சக்தி ஓட்டம் சீரானால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள், அம்மா நம்புகிறார். சீன மருத்துவத்தின் அடிப்படைதான் என்ன? இரண்டாயிரம் வருடம் நிலைத்து நின்ற ஒன்று பொய்யாக இருக்குமா?

க.

அன்புள்ள க.,

முதலில் அம்மா விஷயம். மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். அதை மாற்றுவதாக இருந்தால் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர்தான் மாற்ற வேண்டும். முழங்கால் வலி குறைந்தது உண்மை, அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நம்பச் சொல்வது நியாயமில்லை.

சீன மருத்துவம் உடம்பை உறுப்புகளின் தொகுப்பாகப் பார்ப்பதைவிட, அதில் நடக்கும் வேலைகளாகவே அதிகம் பார்க்கிறது. அங்கே மண்ணீரல் என்றால் செரிமானம். சிறுநீரகம் என்றால் எலும்பு, காது கேட்பது, பிள்ளைப்பேறு, மூப்பு எல்லாம் சேர்ந்தது. சூடு, குளிர்ச்சி, மிகுதி, குறைவு என்று யின், யாங் என்ற எதிரெதிர் இரட்டையின் கணக்கில் நோயை வகைப்படுத்துகிறார்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் ஒன்றையொன்று வளர்க்கும், அடக்கும். இதையெல்லாம் இயக்குவது ‘ச்சி’ என்ற உயிர்ச்சக்தி, அது உடம்பில் பன்னிரண்டு பாதைகளில் ஓடுகிறது, அந்தப் பாதைகளின் புள்ளிகளில் ஊசி குத்துவதுதான் அக்குபங்சர் என்கிறார்கள். வைத்தியர் நாக்கின் நிறத்தைப் பார்ப்பார். தூக்கம், வியர்வை, மலம் எல்லாம் கேட்பார். இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று இடங்களில் நாடி பிடிப்பார். ஒரே தலைவலியோடு வரும் இரண்டு பேருக்கு வேறு வேறு மருந்து கொடுப்பார். ஒரு நோயாளியை இவ்வளவு நேரம், இவ்வளவு பொறுமையாகக் கவனிப்பதை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் இரண்டாயிரம் வருடமாக ஒன்றே மாறாமல் வந்தது என்பது சரியில்லை. சீனாவின் சாங்ஷா நகருக்கு அருகே மவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1970களில் தோண்டினார்கள். பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் உடம்பின் பாதைகள் பன்னிரண்டு அல்ல, பதினொன்று. அவை ஒன்றோடொன்று இணைந்து சுற்றி ஓடவும் இல்லை. ஊசியைப் பற்றிப் பேச்சே கிடையாது, மூலிகையை எரித்துச் சூடு வைப்பதுதான் இருக்கிறது. பன்னிரண்டு பாதை, இடைவிடாத சுற்றோட்டம் எல்லாம் பிறகு வந்தவை. 1822இல் அரண்மனை மருத்துவக் கழகம் அக்குபங்சரையே விலக்கி வைத்தது. பிறகு கம்யூனிஸ்ட் அரசு 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களில் கல்லூரிகள் தொடங்கியது. இன்று நாம் ஒரே முறையாகப் படிப்பது பெரும்பாலும் அந்தக் காலத்தில் பாடநூலுக்காகக் கோத்தது.

சரி, ஊசி வேலை செய்கிறதா? ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 1162 பேரிடம் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன் இருந்தது. வேண்டுமென்றே தவறான இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கூடுதல் ஆறுதல் கிடைத்திருக்கிறது, எந்தப் புள்ளியில் போட்டார்கள் என்பதுதான் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அம்மாவின் நிவாரணத்தை நம்புவதற்குப் பாதைகளின் வரைபடத்தை நம்பியாக வேண்டும் என்றில்லை.

மூலிகையிலும் இதே கவனம் வேண்டும். நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் என்ற சீன வைத்தியர் எழுதிய குறிப்பில், சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. அதைக் கவனித்த சீன விஞ்ஞானி தூ யூயூ குறைந்த வெப்பத்தில் சாறெடுத்து, விலங்குகளில் சோதித்து, தானே உட்கொண்டும் பார்த்த பிறகுதான் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்தார். 2015இல் நோபல் பரிசு. ஆனால் 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்துச் செடி சேர்ந்துவிட்டது. நிறையப் பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே கவலைக்குரிய இடம். பெயர் சொல்லாத பொடி எதையும் அம்மா சாப்பிட வேண்டாம்.

கையை மேலே வைப்பது வேறு வழியில் வந்தது. ரெய்கி என்ற கைவைத்துச் செய்யும் சக்தி சிகிச்சை 1922 வாக்கில் ஜப்பானில் உசுய் மிகாவோ தொடங்கியது. அமெரிக்காவில் 1970களில் செவிலியர்களிடையே இதுபோன்ற ஒரு முறை பரவியது. அதை எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி சோதித்தாள். 21 சிகிச்சையாளர்கள் தடுப்புக்கு அப்பால் கைகளை நீட்ட, எந்தக் கைக்கு மேல் தன் கை இருக்கிறது என்று கேட்டாள். 280 முறையில் 123 முறைதான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும். பக்கத்தில் இருக்கும் ஒரு கையையே உணர முடியாதவர்கள் அம்மாவின் கணையத்தைச் சரி செய்வார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். சீன மரபிலிருந்தே ஒன்று வேண்டுமென்றால், தாய் ச்சி என்ற மெதுவான அசைவுப் பயிற்சியைப் பழகச் சொல்லுங்கள். முழங்கால் தேய்மானத்துக்கு அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கமே 2019இல் அதை வலுவாகப் பரிந்துரைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எடுத்து, எண்ணை அவரிடமே காட்டுங்கள். ஊசி தொடரட்டும். ஒவ்வொரு முறையும் புதுப் பாக்கெட்டைப் பிரித்துத்தான் போடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்