டெர்மினலில் போகிறது, எடிட்டரில் போகவில்லை!

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே கிட் (நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பற்றியவை. கேட்ட விதம்தான் வேறு வேறு. எங்கள் அலுவலகத்தில் யாருடைய எடிட்டர் மக்கர் செய்தாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருவார்கள் என்பதால், இந்தப் புலம்பல்கள் எனக்குப் புதிதல்ல.

கேள்வி: விண்டோஸில் வேலை செய்கிறேன். கிட் பேஷில் (கிட்டோடு வரும் டெர்மினல்) புஷ் கொடுத்தால், அதாவது மாற்றங்களை சர்வருக்கு அனுப்பினால், ஒழுங்காகப் போகிறது. அதே ஃபோல்டரை வி.எஸ். கோட் எடிட்டரில் திறந்து புஷ் பட்டனைத் தட்டினால் ‘பர்மிஷன் டினைட், பப்ளிக் கீ’ என்று வருகிறது. எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். வி.எஸ். கோடையே இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக குளோன் செய்யச் (சர்வரிலிருந்து மறுபடி நகலெடுக்கச்) சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

முதலில் அந்த நண்பரிடமிருந்து கீபோர்டைப் பிடுங்கி வையுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி அழித்தவள்தான். எல்லாவற்றையும் கமிட் செய்துவிட்டேன் (கிட்டில் பதிந்துவிட்டேன்), பயமில்லை என்று நினைத்தேன். புஷ் செய்யாத ஒரு பிராஞ்சும் (தனிக் கிளையும்), ஸ்டாஷில் (கமிட் செய்யாமல் ஒதுக்கி வைக்கும் இடம்) போட்டு வைத்திருந்த மூன்று நாள் வேலையும் அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்தன என்பது குளோன் முடிந்த பிறகுதான் உறைத்தது. ஸ்டாஷ் சர்வருக்குப் போவதில்லை. ரெஃப்லாக் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் போய்வந்த இடங்களை வழக்கமாக 90 நாள் வரை நினைவில் வைத்திருக்கும். எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதுவும் அதே ஃபோல்டருக்குள் இருப்பதுதான். ஃபோல்டரோடு அதுவும் போயிற்று.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வி.எஸ். கோடுக்கு என்று தனியாக கிட் கிடையாது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் கிட்டைக் கூப்பிட்டு வேலை வாங்கி, அது சொல்வதை உங்களிடம் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அவுட்புட் பேனலைத் திறந்து, வலது பக்கப் பட்டியலில் ‘கிட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த ஃபோல்டரில் இருக்கும் எந்தப் பதிப்பு கிட்டைப் பயன்படுத்துகிறது என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கும். அதற்குக் கீழே, எடிட்டர் உங்களுக்காக ஓட்டிய ஒவ்வொரு கட்டளையும் இருக்கும். எட்டிப்பார்க்கும் சின்ன அறிவிப்புப் பெட்டியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். முழு வாக்குமூலமும் இந்தப் பேனலில்தான் இருக்கிறது.

கிட் பேஷில் போகிறது என்றால் உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக சர்வரிடம் உங்களை அடையாளம் காட்டும் கோப்பு) சரி, சர்வரும் சரி. இரண்டு இடங்களுக்கும் சூழல்தான் வேறு. எனக்குத் தோன்றுவது இது: சாவிக்கு ஒரு கடவுச்சொற்றொடர் வைத்திருக்கிறீர்கள். கிட் பேஷ் திறக்கும்போதே எஸ்எஸ்ஹெச் ஏஜென்டைக் (திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் நிரலை) கிளப்பி, சாவியை அதனிடம் கொடுத்துவிட ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் (அல்லது புதிதில் யாரோ செய்து கொடுத்து, நீங்கள் மறந்திருக்கிறீர்கள்). அந்த ஏஜென்டின் முகவரி, அந்த ஜன்னலிலிருந்து கிளம்பும் நிரல்களுக்கு மட்டுமே தெரியும். ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்த வி.எஸ். கோடுக்குத் தெரியாது. சாவியைத் திறக்கச் சொற்றொடரைக் கேட்கவும் அங்கே டெர்மினல் இல்லை (புதிய வி.எஸ். கோட் பதிப்புகள் தாங்களே ஒரு பெட்டியில் கேட்கும், உங்களுடையது பழையதாக இருக்கலாம்). கதவு சாத்தப்படுகிறது.

இதை உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். வி.எஸ். கோடின் எல்லா ஜன்னல்களையும் மூடுங்கள். ஒன்று திறந்திருந்தால்கூட சோதனை குழம்பிவிடும். புஷ் வேலை செய்கிற அதே கிட் பேஷில் அந்த ஃபோல்டருக்குள் போய், ‘கோட்’ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ஒரு புள்ளி வையுங்கள். இப்படித் திறந்த எடிட்டரில் புஷ் போனால் நான் சொன்னதுதான் காரணம்.

தினமும் இப்படியே திறந்துகொண்டிருக்கலாம். என் சக ஊழியர் ஒருவர் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறார். நிரந்தரமாகத் தீர்க்க வேண்டுமென்றால், விண்டோஸுக்கு உள்ளேயே வேறொரு எஸ்எஸ்ஹெச் இருக்கிறது. கிட்டோடு வந்த எஸ்எஸ்ஹெச் வேறு, இது வேறு. ஒன்றின் ஏஜென்டில் போட்ட சாவி மற்றதற்குத் தெரியாது. பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இரட்டையர் மேல்தான். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் ‘ஓபன்எஸ்எஸ்ஹெச் ஆதென்டிகேஷன் ஏஜென்ட்’ பெரும்பாலும் முடக்கப்பட்டே இருக்கும். அதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கித் தொடங்குங்கள். பவர்ஷெல்லைத் திறந்து, எஸ்எஸ்ஹெச்-ஆட் கட்டளையால் சாவியை ஒரே ஒரு முறை சேர்த்துவிடுங்கள். கணினியை அணைத்துப் போட்டாலும் இந்த ஏஜென்ட் மறக்காது. கடைசியாக, கிட் அமைப்பில் ‘கோர் டாட் எஸ்எஸ்ஹெச்கமாண்ட்’ என்பதில் விண்டோஸின் எஸ்எஸ்ஹெச் இருக்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஓபன்எஸ்எஸ்ஹெச் என்று போகும். பாதையில் முன்சாய்ந்த கோடுகளையே போடுங்கள். பின்சாய்ந்த கோடு போட்டுவிட்டு மறுபடி எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: கிட்ஹப்பில் (கிட் வேலைகளைச் சேமித்து வைக்கும் இணையதளம்) கடவுச்சொல் சரியாகத்தான் கொடுக்கிறேன். இணையத்தில் அதே கடவுச்சொல்லால் உள்ளே போக முடிகிறது. ஆனால் இன்டெலிஜே எடிட்டரில் புஷ் செய்தால் ஏற்க மறுக்கிறது.

மறுக்கத்தான் செய்யும். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை கிட்ஹப் ஏற்பதில்லை. டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக கிட்ஹப் தரும் குறியீடு) வேண்டும், அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி வேண்டும். இன்டெலிஜேயின் அமைப்புகளில் வெர்ஷன் கன்ட்ரோல் பகுதியில் கிட்ஹப் கணக்கைச் சேர்த்தால், உலாவி திறந்து அனுமதி கேட்கும். அதன் பிறகும் அடம்பிடித்தால், விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரிலோ மேக்கின் கீசெயினிலோ பழைய கடவுச்சொல் உட்கார்ந்திருக்கும். கிட்ஹப் பெயரில் இருக்கும் பதிவை நீக்கிவிட்டு மறுபடி புஷ் செய்யுங்கள். காலாவதியான டோக்கனுக்கும் இதே வைத்தியம்தான்.

கேள்வி: ஒரே ஒரு கோப்பைத்தான் தொட்டேன். எடிட்டர் 412 கோப்புகள் மாறியிருப்பதாகக் காட்டுகிறது. திறந்து பார்த்தால் பழையதும் புதியதும் அச்சு அசல் ஒன்றாகவே இருக்கின்றன. போன வாரம் டபிள்யூ.எஸ்.எல்.லில் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுண்டு லினக்ஸ் போட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் மீதிக் கடிதமே தேவைப்பட்டிருக்காது! சம்பந்தம் உண்டு.

வரி முடிந்தது என்பதைக் குறிக்க லினக்ஸ் ஒரு எழுத்து போடும். விண்டோஸ் இரண்டு போடும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. விண்டோஸ் கிட்டை நிறுவும்போது கேள்விகளுக்கெல்லாம் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போயிருப்பீர்கள். அதில் ஒன்று, கோப்புகளை எடுக்கும்போது வரி முடிவை விண்டோஸ் பாணிக்கு மாற்று, கமிட்டில் லினக்ஸ் பாணிக்குத் திருப்பு என்பது. ‘ஆட்டோசிஆர்எல்எஃப்’ என்று அதற்குப் பெயர். இப்போது அதே ஃபோல்டரை உபுண்டுவின் கிட் பார்க்கிறது. அதற்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கிறதே, எல்லாம் மாறிவிட்டது என்று கத்துகிறது. அது கத்துவதை எடிட்டர் அப்படியே காட்டுகிறது.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றால், டெர்மினலில் கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையோடு ‘இஓஎல்’ என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் கிட்டின் களஞ்சியத்தில் எந்த முடிவு, வட்டில் எந்த முடிவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இடது பக்கம் எல்எஃப் (லினக்ஸ் முடிவு), வலது பக்கம் சிஆர்எல்எஃப் (விண்டோஸ் முடிவு) என்று வரிசையாக வந்தால் வழக்கு முடிந்தது. அப்படி வரவில்லை, டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிடும் பட்டியலில்) ‘100644’ என்பது ‘100755’ ஆக மாறியதாக மட்டும் காட்டுகிறது என்றால் கதை வேறு. விண்டோஸ் டிரைவில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும் டபிள்யூ.எஸ்.எல். இயக்கக்கூடிய கோப்புகளாக நினைத்துக்கொள்வதால் வருவது அது. அந்த ரெப்போவில் (கிட் கவனித்துக்கொள்ளும் ஃபோல்டரில்) ‘கோர் டாட் ஃபைல்மோட்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் அடங்கிவிடும்.

வரி முடிவுக்கு ஆளாளுக்குத் தங்கள் கணினியில் அமைப்பை மாற்றிக்கொள்வது தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போல. ரெப்போவுக்குள்ளேயே ‘கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பு ஒன்றை வைத்து, எல்லாக் கோப்புகளுக்கும் ‘டெக்ஸ்ட் ஈக்வல்ஸ் ஆட்டோ’ என்று ஒரு வரி எழுதுங்கள். அது எல்லோர் கணினிக்கும் கூடவே போகும். பிறகு ‘ரீநார்மலைஸ்’ தெரிவோடு கிட் ஆட் கொடுத்து, அதை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்கள். போடுவதற்கு முன் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நான் ஒரு முறை சொல்லாமல் வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டேன். திங்கட்கிழமை ஆறு பேருக்கு மெர்ஜ் மோதல் (இரு தரப்பு மாற்றங்களும் ஒன்றுசேராத சிக்கல்), ஆறு பேருக்கும் என்மேல் கோபம்.

கேள்வி: ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டரை (இறக்கிய நூலகங்கள் இருப்பது) கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலில்) எழுதிவிட்டேன். ஆனாலும் அதற்குள் நடக்கும் மாற்றங்களை எடிட்டர் காட்டிக்கொண்டே இருக்கிறது. மாற்றங்கள் அளவுக்கு மீறி இருப்பதாக எச்சரிக்கை வேறு.

கிட்இக்னோர் புதிதாக வருகிறவர்களைத்தான் வாசலில் நிறுத்தும். ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்தவர்களை வெளியே அனுப்பாது. ஒரு நாள் யாரோ அந்த ஃபோல்டரையும் சேர்த்து கமிட் செய்திருக்கிறார்கள். கிட் ஆர்எம் கட்டளையை ‘கேஷ்ட்’ தெரிவோடு, உள்ஃபோல்டர்களுக்கும் சேர்த்து ஓட்டுங்கள். கோப்புகள் உங்கள் வட்டில் அப்படியே இருக்கும், கிட்டின் கணக்கிலிருந்து மட்டும் போகும். ‘கேஷ்ட்’ என்பதை மறந்தால் வட்டிலிருந்தும் போய்விடும். அடிக்கும்போது நிதானமாக அடியுங்கள்.

கேள்வி: புராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்தால் ‘டியூபியஸ் ஓனர்ஷிப்’ என்று சொல்லி கிட் வேலை செய்ய மறுக்கிறது. இணையத்தில் பார்த்தபடி பாதுகாப்பான ஃபோல்டர் பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன், சரியாகிவிட்டது. இது போதுமா?

சரியாகிவிட்டது என்பது உண்மை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாலும் மூட்டைப்பூச்சி போய்விடும் என்பதும் உண்மை.

இந்தச் சோதனை 2022 ஏப்ரலில் கிட் 2.35.2 பதிப்பில் வந்தது. பலர் பயன்படுத்தும் ஒரு கணினியில், உங்கள் ஃபோல்டருக்கு மேலே எங்கேயோ வேறொருவர் ஒரு கிட் ரெப்போவை உருவாக்கி வைக்கிறார் என்று வையுங்கள். அதன் அமைப்புக் கோப்பில், கிட் ஓடும்போதெல்லாம் இந்த நிரலையும் ஓட்டு என்று எழுத முடியும். எடிட்டர் இருக்கிறதே, நீங்கள் கேட்காமலேயே பின்னால் கிட் ஸ்டேட்டஸ் ஓட்டிக்கொண்டே இருக்கும். ஆக, ஃபோல்டரைத் திறந்தாலே போதும், அந்த ஆளின் நிரல் உங்கள் பெயரில் ஓடிவிடும். அதனால்தான் ஃபோல்டரின் சொந்தக்காரர் நீங்கள் இல்லையென்றால் கிட் இப்போது நின்றுவிடுகிறது. நட்சத்திரம் போட்டால் இந்தக் காவல் முழுவதும் போய்விடும்.

நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, சொந்தக்காரர் ஏன் மாறினார் என்று பாருங்கள். ‘சூடோ’ போட்டு (நிர்வாகி உரிமையோடு) குளோன் செய்தீர்களா? டாக்கர் கன்டெய்னருக்குள் ரூட்டாக (நிர்வாகியாக) உருவாக்கியதா? அப்படியானால் சோன் கட்டளையால் ஃபோல்டரை உங்கள் பெயருக்கு மாற்றினாலே போதும். எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும் பென்டிரைவ் என்றால், அங்கே சொந்தக்காரர் என்ற தகவலையே எழுதி வைக்க இடம் கிடையாது. அந்த ஒரு ஃபோல்டரின் முழுப் பாதையை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: பழைய எக்லிப்ஸ் எடிட்டரைப் பயன்படுத்துகிறேன். புதிதாக உருவாக்கிய எஸ்எஸ்ஹெச் சாவியை ‘இன்வேலிட் பிரைவேட் கீ’ என்கிறது. டெர்மினலில் அதே சாவி வேலை செய்கிறது.

மேலே வி.எஸ். கோடுக்குச் சொன்னது இங்கே பொருந்தாது. எக்லிப்ஸில் இருக்கும் ஈகிட் என்ற கிட் இணைப்பு, கணினியின் கிட்டைக் கூப்பிடுவதில்லை. ஜேகிட் என்று ஜாவாவிலேயே எழுதிய தனி கிட் அதற்குள் இருக்கிறது. பழைய பதிப்புகள் எஸ்எஸ்ஹெச்சுக்கும் ஜாவா நூலகம் ஒன்றையே நம்பியிருந்தன. 2018இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.8 முதல் சாவிகள் புதிய வடிவில் உருவாகின்றன. அந்த நூலகத்துக்கு அது புரியவில்லை. எக்லிப்ஸைப் புதுப்பிக்க முடிந்தால் புதுப்பியுங்கள். அலுவலகத்தில் விடமாட்டார்கள் என்றால், எஸ்எஸ்ஹெச்-கீஜென்னில் ‘பெம்’ வடிவம் கேட்டு, ஆர்எஸ்ஏ வகையில் ஒரு சாவி உருவாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கமிட் பட்டனை அழுத்தினால் ‘இண்டெக்ஸ் டாட் லாக்’ ஏற்கெனவே இருக்கிறது, வேறு கிட் ஓடிக்கொண்டிருக்கலாம் என்கிறது. அந்தக் கோப்பை அழித்துவிட்டால் சரியாகிறது. ஆனால் வாரம் ஒரு முறையாவது வருகிறது.

கிட் தன் பட்டியலைத் திருத்தும்போது வேறு யாரும் கைவைக்காமல் இருக்க அந்தக் கோப்பை வைத்து, முடிந்ததும் தானே எடுத்துவிடும். நடுவில் கிட் செத்துப்போனால் கோப்பு அநாதையாக நிற்கும். அப்போது அழிக்கலாம், ஆனால் டாஸ்க் மேனேஜரில் கிட் எதுவும் ஓடவில்லை என்று பார்த்த பிறகு.

வாரா வாரம் வருகிறது என்றால் எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். டெர்மினலில் கமிட் கட்டளையை ‘ஹைஃபன் ஏ’ போட்டு அடித்துவிட்டு, செய்தி எழுதத் திறந்த விம் (டெர்மினல் எடிட்டர்) ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு எடிட்டருக்கு வந்துவிடுகிறீர்களா? அந்த ஜன்னல் மூடும்வரை பூட்டு இருக்கத்தான் செய்யும். எங்கள் அலுவலகத்தில் ஒருவரிடம் இப்படி நான்கு விம் ஜன்னல்கள் நான்கு டேபுகளில் திறந்தபடி இருந்தன. மூடத் தெரியவில்லையாம், அதனால் அடுத்த டேபுக்குப் போய்விட்டாராம். உங்களுக்கும் அதுதான் பிரச்சினை என்றால்: எஸ்கேப், முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர்.