காலடியில் என்ன மண்? இங்கிலாந்துக் கிராமப்புற ஓட்டம்: கேள்வி-பதில்

கேள்வி: சாலையில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுவேன். போன மாதம் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில், ஈடேல் கிராமத்தில் இருந்து கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுக்கு ஏறி இறங்கினேன். அதே 10 கிலோமீட்டர்தான், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்பில் ஏதாவது கோளாறா?

பதில்: உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் தவறு. மலையில் நடப்பவர்களுக்காக நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இதை ஓட்டத்துக்குத் திருப்பிப் போட்டால், 100 மீட்டர் ஏறுவது சமதரையில் 800 மீட்டர் ஓடுவதற்குச் சமம். ஈடேல் பள்ளத்தாக்கில் இருந்து கிண்டர் மேட்டுக்கு ஏறக்குறைய 400 மீட்டர் ஏறியிருப்பீர்கள். அப்போதே உங்கள் 10 கிலோமீட்டர் 13-ஐத் தாண்டிவிட்டது.

மீதி நேரத்தை மண் தின்றிருக்கும். கிண்டரின் மேல்பகுதி முழுக்க பீட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் நீரில் ஊறி, முழுதாக மக்காமல் கறுத்துப் படிந்த மண் அது. காய்ந்த நாளில் மெத்தை மாதிரி இருக்கும். மழைக்குப் பிறகு காலை முழங்கால் வரை உள்ளே இழுக்கும். அங்கிருந்து வடக்கே போகும் பென்னைன் வே பாதையில், சேறு மோசமான இடங்களில் பெரிய கற்பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். அவற்றில் பல, இடிக்கப்பட்ட பழைய பருத்தி ஆலைகளின் தரைக்கற்கள். ஓட அருமையாக இருக்கும், ஆனால் உறைபனி நாளில் அவை கண்ணாடி.

இதே பீக் டிஸ்ட்ரிக்டின் தெற்குப் பாதி சுண்ணாம்புக்கல் நிலம். டவ்டேல் பக்கம் ஆற்றோரமும் புல்சரிவுமாக அது வேறு உலகம். அடுத்த முறை அங்கே ஓடிப் பாருங்கள், உங்கள் பழைய வேகத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். தூரத்தைக் கேட்பதற்கு முன்னால் மண்ணைக் கேளுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பாதை நேராக ஒருவருடைய கோதுமை வயலுக்குள் போகிறது. அதில் ஓடலாமா? யாராவது திட்டுவார்களா?

பதில்: தாராளமாக ஓடலாம். கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்குமான பொதுப்பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரும். நிலம் விவசாயியுடையது, அந்தக் கோட்டில் போகும் உரிமை உங்களுடையது. விதைப்புக்கு முதலில் உழுதால் 14 நாளுக்குள் பாதையை அவர் சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம். பதிலுக்கு நாம் செய்ய வேண்டியது, பயிரை மிதிக்காமல் ஒற்றை வரிசையில் போவதும், நாம் திறந்த கதவை மறுபடி மூடுவதும்தான்.

அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் இந்தப் பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். மஞ்சள் சாயம் பூசிய பகுதிகளில் பாதையே தேவையில்லை, காலாற எங்கும் ஓடலாம். இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1932 ஏப்ரலில் நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறி கிண்டரில் ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். சட்டம் வந்தது 2000-ல்தான். அந்த மேட்டில் ஓடும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

கேள்வி: மாடுகள் நிற்கும் வயலைக் கண்டால் பயமாக இருக்கிறது, அக்கா. எப்படித் தாண்டுவது?

பதில்: அந்தப் பயம் நியாயமானது, அதை விடாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுதான் ஆபத்து. வயலுக்குள் நுழைந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள். வேலியோரமாகச் சுற்றிப் போவது நல்லது. இளம் மாடுகள் கூட்டமாகப் பின்னால் வந்தால், பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான் வரும். திரும்பி நின்று கையை விரித்தால் நின்றுவிடும். நாய் கூட வந்து, மாடு துரத்தினால், கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும்.

கேள்வி: பல நாள் ஓட்டத்துக்கு முதல்முறையாக சவுத் டவுன்ஸ் வே போகலாமா, கார்ன்வால் கடலோரமா?

பதில்: சவுத் டவுன்ஸ் வே. வின்செஸ்டரில் இருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர். சாக்பீஸுக்குப் பெயர் தந்த அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைதான் பாதை முழுக்க. மழைத் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும் என்பதால் பள்ளத்தாக்கு வயல்கள் களிமண் சேறாகக் கிடக்கும் மார்ச்சில்கூட மேலே முதுகுத் தடத்தில் ஓடலாம். ஆனால் மேற்பரப்பு நனைந்திருக்கும்போது இறக்கங்களில் சோப்பு மாதிரி வழுக்கும், நிதானம் வேண்டும். முழுதையும் ஓட நேரமில்லையென்றால் கடைசிப் பகுதி, செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளின் மேலே. இடது கையில் புல்வெளி, வலது கையில் கடல். விளிம்பை விட்டு நன்றாகத் தள்ளியே ஓடுங்கள், அந்தப் பாறை உடைந்து விழுந்துகொண்டே இருக்கிறது.

கார்ன்வால் பாதை 1,000 கிலோமீட்டர் நீளும் தென்மேற்குக் கடலோரப் பாதையின் ஒரு பகுதி. ஒவ்வொரு ஓடையும் கடலில் விழும் இடத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: உண்ணி கடித்தால்?

பதில்: முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீயோ எண்ணெயோ வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

கேள்வி: லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஒரே நாளில் 42 மலைகளை ஓடுகிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரஹாம், 1932 ஜூனில், கிண்டர் மீறல் நடந்த அதே ஆண்டில், 42 சிகரங்களையும் 23 மணி 39 நிமிடத்தில் சுற்றி வந்தார். ஏறக்குறைய 106 கிலோமீட்டர், 8,200 மீட்டர் ஏற்றம். காலில் டென்னிஸ் ஷூ. அடுத்து ஒருவர் அதைச் செய்து முடிக்க 1960 ஆனது. இன்றும் ஓடுபவர்கள் கெஸ்விக் சந்தைத் திடலில் உள்ள மூட் ஹால் கதவைத் தொட்டுவிட்டுக் கிளம்பி, அங்கேயே வந்து தொட்டு முடிக்கிறார்கள்.

ஆசை வந்துவிட்டதா? சரி, 42-ல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கெஸ்விக்கில் இருந்து ஸ்கிடாவ், 931 மீட்டர், தெளிவான பாதை. மழைக்கோட்டு, வரைபடம், திசைகாட்டி, விசில், கொஞ்சம் சாப்பாடு கையில் இருக்கட்டும். மேலே மேகம் இறங்கிவிட்டால் உச்சியை விட்டுவிட்டுத் திரும்புங்கள்.