மருந்து ஊற்றும் கரண்டி

அன்புள்ள அக்காவுக்கு,

பதினாறு வருடமாக டென்வரில் இருக்கிறேன். பக்கத்தில் லேக்வுட்டில் காஸா போனிட்டா என்று ஒரு மெக்சிகன் உணவகம். உள்ளேயே அருவி, குகை, பாறை மேலிருந்து குளத்தில் குதிப்பவர்கள். என் மகளின் முதல் ஐந்து பிறந்தநாளும் அங்கேதான். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நாங்கள் போவது நின்றுவிட்டது. 2020-இல் கொரோனாவுக்கு மூடினார்கள், அப்புறம் திறக்கவே இல்லை. மகள் அழுதாள். உண்மையைச் சொன்னால் நானும்தான். பிறகு சவுத் பார்க் கார்ட்டூன்காரர்கள் வாங்கி 2023-இல் திறந்தார்கள். போன மாதம் போனோம். சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் மகள், "இது நம்ம காஸா போனிட்டா இல்லப்பா" என்கிறாள். சாப்பாடு சுமாராக இருந்த பழையது உண்மையா, புதியது உண்மையா? ஒரு கலைஞன் கட்டியதைக் கார்ப்பரேட் பேராசை அழித்தது என்று நினைக்கிறேன். சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்துக்கும் இதுதானே நடந்தது?

கே., டென்வர்

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். டிரைவ்-இன் கதை வேறு. அது நிலத்தின் கதை. 2008-இல் கடை போனது, 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. முதலாளி மாறி மாறி, சாம்பார் நீர்த்துச் செத்த கடை இல்லை அது. எல்லாத் துக்கத்தையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டாதீர்கள்.

கலைஞன் என்கிறீர்கள். பில் வா என்ற அந்த மனிதர் 1968-இல் ஓக்லஹோமா சிட்டியில் முதல் காஸா போனிட்டாவைத் திறந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் டாகோ ப்யூனோ என்ற துரித உணவுக் கடையை ஆரம்பித்திருந்தார். லேக்வுட்டில் உங்கள் கடை வந்தது 1974-இல். 52,000 சதுர அடி, முப்பது அடி அருவி, வாசலில் 85 அடிக்கு இளஞ்சிவப்புக் கோபுரம். அந்த மனிதருக்குக் கற்பனை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1982-இல் யூனிகேட் என்ற பிரிட்டிஷ் பால் கம்பெனிக்கு எல்லாவற்றையும் விற்றவரும் அவரேதான். விற்றவனைக் கலைஞன் என்றும் வாங்கியவனைப் பேராசைக்காரன் என்றும் எழுதுவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேறொரு கடையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம், கோவைப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு பஃபே உணவகத்தில் கல்லாவில் இருந்தேன். பெயர் வேண்டாம். கிராமத்து செட்டு போட்ட இடம். ஓலைக் கூரை, கயிற்றுக் கட்டில், மாடில்லாத மாட்டுவண்டி, கிளி ஜோசியர், ஞாயிறு மதியம் பொய்க்கால் குதிரை. அந்த ஆறு வருடத்தில் மூன்று முதலாளிகளைப் பார்த்தேன்.

முதல் முதலாளி மூன்றரை மணிக்குத்தான் சாப்பிடுவார். கூட்டம் போன பிறகு, பஃபே வரிசையில் மிச்சம் கிடக்கிறதை அவரே தட்டில் போட்டுக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்காருவார். அவருக்கென்று தனியாக எதுவும் சமைக்கக்கூடாது. ரசம் சரியில்லை என்றால் மாஸ்டரைக் கூப்பிட்டு, "நீயும் ஒரு வாய் குடி" என்பார். திட்டியதே இல்லை.

அவருக்கு உடம்பு முடியாமல் கடையை விற்றார். இரண்டாமவர் வாங்கியது கட்டடத்தை மட்டும் இல்லை, பெயரையும்தான். பெயருக்கு ஒரு விலை கொடுத்திருந்தார், அந்த விலைக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு என் கையில் இருந்ததால் எனக்குத் தெரியும். அந்த வட்டி எங்கிருந்து வரும்? அருவி கட்டியிருந்தாலும் மாட்டுவண்டி நிறுத்தியிருந்தாலும் வட்டி தட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அவர் மாற்றிய முதல் பொருள் கரண்டி. ஓலையை மாற்றவில்லை, கிளியை மாற்றவில்லை. கறிச் சட்டியில் முன்பு உள்ளங்கை அளவுக்கு ஒரு குழிக்கரண்டி கிடக்கும். ஒரு திங்கட்கிழமை அது காணாமல் போய், அதில் பாதி கூட இல்லாத ஒரு சின்னக் கரண்டி வந்தது. சாதத்துக்கு மட்டும் பெரிய கரண்டியே இருந்தது. அடுத்த வாரம் வரிசை மாறியது. எலுமிச்சை சாதம், தயிர் வடை, போண்டா எல்லாம் முன்னால், மட்டன் கடைசியில். நடந்து போய்ச் சேர்வதற்குள் தட்டு நிறைந்துவிடும். அதற்கடுத்த மாதம் தட்டே ஒரு சுற்று சிறுத்தது. பஃபே தொழிலில் இதெல்லாம் ஊரறிந்த வித்தை. எங்கே போனாலும் வரிசையின் முதல் மூன்று பாத்திரத்தையும் கடைசிப் பாத்திரத்துக் கரண்டியையும் பாருங்கள், முதலாளியின் கடன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்த கூட்டத்தில் ஓர் ஆத்தா. கண்டாங்கிச் சேலை, காதில் தண்டட்டி போட்டு வளர்த்த துளை. சின்னக் கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கல்லாவுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், குழம்பு சொட்டச் சொட்ட. "ஏனுங் அம்மிணி, இது மருந்து ஊத்தற கரண்டிங்களா?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளி முறைத்தார். ஆத்தா திரும்பிப் போய் நின்று, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணி எட்டுக் கரண்டி போட்டுக்கொண்டார். பின்னால் வரிசை முழுக்கச் சிரித்தது.

அந்த வேன் மறுபடி வரவில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கறி வாங்கும் செலவு குறைந்தது உடனே கணக்கில் தெரிந்தது. வராத வேன் எந்தக் கணக்கிலும் தெரியவில்லை. யாரும் வந்து, "கரண்டி சின்னதாகிவிட்டது, இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. கூட்டம் குறைந்ததும் செலவைக் குறைக்கக் கிளி ஜோசியரை நிறுத்தினார். பிறகு பொய்க்கால் குதிரையை. மூன்றாவதாக வந்தது ஒரு கம்பெனி. மேனேஜருக்கு டிபன் பாக்ஸ் வீட்டிலிருந்து வரும். கறிச் சட்டிக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவரை நிறுத்தினார்கள், கேட்டால் போடுவார், இரண்டு துண்டு. அப்புறம் நான் கல்யாணமாகிப் போய்விட்டேன். இன்றைக்கு அங்கே டைல்ஸ் கடை.

சரி, உங்கள் கடைக்கு வருகிறேன். யூனிகேட்டுக்குப் பிறகு தொண்ணூறுகளில் இன்னொரு கைக்குப் போய், 1997-இல் ஸ்டார் பஃபே வாங்கியது. பஃபே கடைகளை நடத்துகிறவர்கள், அவர்களே 2011-இல் திவால் மனு போட்டவர்கள். 2015-இல் லேக்வுட் நகரம் அந்த இடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கௌரவம் கூரையை ஒட்டுமா? 2021-இல் மறுபடி திவால். நீங்கள் சொன்ன சவுத் பார்க் கார்ட்டூன்காரர்கள் ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் 31 லட்சம் டாலருக்கு வாங்கி உள்ளே போய்ப் பார்த்தால், மின்கம்பி, குழாய், சமையலறை என எதுவும் தேறவில்லை. நாலு கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். இருவரும் கொலராடோவில் வளர்ந்த பையன்கள், கையில் கார்ட்டூன் பணம் இருந்தது. அவர்களுக்கு வட்டியைத் தட்டிலிருந்து எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் சாப்பாடு நன்றாக இருக்கிறது. பேராசை ஒழிந்து நல்ல மனசு ஜெயித்த கதையாக இதை எழுதாதீர்கள். எல்லாக் கடைக்கும் இரண்டு கோடீஸ்வரப் பையன்கள் கிடைக்கமாட்டார்கள்.

இன்னொன்று. வருடக்கணக்காகப் போகாமல் இருந்துவிட்டு, மூடியதும் அழுதோம் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் கோல்ஃபாக்ஸ் சாலையில் அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தானே போயிருப்பீர்கள், தம்பி? வராத வேனில் நீங்களும் உட்கார்ந்திருந்தீர்கள். கோபப்படாதீர்கள், நானும் அந்த நெடுஞ்சாலையில் கணவருடன் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு தடவை கூட நிறுத்தச் சொன்னதில்லை.

மகளிடம் அவள் சொன்னது தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அதே சமயம், மறுபடி திறந்தபோது சமையல் பொறுப்பாளராக இருந்த டானா ரோட்ரிகஸ் பற்றி அவளிடம் சொல்லுங்கள். மெக்சிகோவிலிருந்து டென்வருக்கு வந்த புதிதில் இதே காஸா போனிட்டாவில் வேலை கேட்டு, இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். 2023-இல் திறந்தபோது அதே சமையலறை அவர் கையில். உங்கள் மகளுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

2014-இல் தங்கை வீட்டுக்கு வந்திருந்தபோது நானும் அங்கே ஒரு மாலை போனேன். சாப்பாட்டைப் பற்றி ஊரே பேசியிருக்கிறது, நான் எதற்கு? என் நினைவில் நிற்பது மேஜை மேல் இருந்த குட்டிக் கொடிதான். கயிற்றை இழுத்துக் கொடியை ஏற்றினால் சோபபியா கொண்டுவந்து வைப்பார்கள். நம்ம பூரியைத் தலையணை மாதிரி உப்ப வைத்து, தேன் ஊற்றிச் சாப்பிடுகிற மாதிரி. தங்கை மகன் ஏற்றினான், வந்தது. மறுபடி ஏற்றினான், மறுபடி வந்தது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, எண்ணவும் இல்லை. பால் கம்பெனிக்காரன் போய், பஃபே கம்பெனிக்காரன் வந்து, கூரை ஒழுகுகிற காலம் வரைக்கும் அந்தக் கொடியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. எனக்கு அந்த ஆத்தா ஞாபகம் வந்தது. தங்கையிடம் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த தடவை போகும்போது மகளை மூன்று தடவை கொடி ஏற்றச் சொல்லுங்கள். மூன்றாவது தடவையும் அதே அளவில் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தேன் பாட்டிலோடு வைக்கிறார்களா, பொட்டலமா என்பதையும்.

அன்புடன்,
அக்கா