சாம்பாரில் பொடி கலக்கலாமா?

பிளஸ் ஒன் படிக்கும் பையன் குடிக்கிறானோ என்று பயந்து பதினோரு கேள்வி எழுதியிருக்கிறீர்கள். குடியை நிறுத்தும் பொடியை அவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கலாமா என்பதும் அதில் ஒன்று. முதலில் அந்தப் பொடியைக் குப்பையில் போடுங்கள் அம்மா. ‘குடியை மறக்கடிக்கும்’ என்று ஆன்லைனில் விற்கும் பொடியில் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், அதன்மேல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடுபவருக்குச் சொல்லி, சம்மதம் வாங்கி, மருத்துவர் கண்காணிப்பில் தரவேண்டிய மருந்து அது. சாம்பாரில் கலப்பதற்கில்லை. அதுவும், குடிக்காத பையனுக்கு!

அவன் செய்த குற்றம்தான் என்ன? பிளஸ் ஒன் வகுப்பில் போதை பற்றிப் பேச வந்தவர்கள், பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அன்று ராத்திரி உங்களிடமும் ஒன்று கேட்டான்: “பீர்ல போதை கம்மிதானேம்மா?” நீங்கள் தோசைக்கரண்டியைப் போட்டுவிட்டு கூகுளைத் திறந்தீர்கள். சிவந்த கண், சாத்திய கதவு, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூக்கம் எல்லாம் அதில் போதையின் அறிகுறியாகிவிட்டன. பதினாறு வயதில் வேறெப்படி இருப்பான்? பத்து மணிக்குச் செல்போனை வாங்கி வையுங்கள், கண் தெளியும். சிறுநீர்ப் பரிசோதனைப் பெட்டியும் வேண்டாம். அப்புறம் அவன் உங்களிடம் எதையும் கேட்கமாட்டான்.

கேட்டதற்குப் பதில் இதோ. 8 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில், இரண்டு லார்ஜ் (தலா 60 மில்லி) பிராந்திக்குச் சமம். இதைச் சொன்னால் ஆசை வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். ‘பீர்தானே’ என்று நினைப்பவன்தான் மளமளவென்று குடிப்பான்.

பதினோரு கேள்விக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: உங்கள் அப்பா குடித்தே போனார், பிள்ளையிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். கடிதமே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆம், குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரை வழி வருவது. ஆனால் அது தலையெழுத்து அல்ல. அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றில், 14 வயதுக்குள் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம்தான். ஒவ்வொரு வருடம் தள்ளிப்போவதும் லாபம். தாத்தாவுக்கு வந்தது என்ன என்று அவனுக்குத் தெரியட்டும். மற்ற பையன்களைவிட இவனுக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பிறந்தநாள் பார்ட்டியில் ஒரு பையன் சாய்ந்துவிடுவான். கூட இருப்பவர்கள், “தூங்கட்டும்டா, தெளிஞ்சிடும்” என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போவார்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் சாராயம் அதற்குப் பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். தட்டினாலும் கிள்ளினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம்: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே 108-ஐக் கூப்பிட வேண்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பேசப்போகும் பள்ளிகளில் வரும் சீட்டுகளில் தவறாமல் இருக்கும் கேள்வி, “மோர் குடிச்சா எறங்கிடுமா சார்?” இறங்காது. எலுமிச்சை, காபி, தலையில் தண்ணீர், எதற்கும் இறங்காது. மயங்கியவன் வாயில் மோரை ஊற்றினால் மூச்சுக்குழாயில்தான் போகும்.

இதை வாயால் சொல்லிப் பயனில்லை. ஹாலில் பாயை விரித்து நீங்கள் மல்லாக்கப் படுங்கள். உங்களை ஒருக்களித்துத் திருப்பி, மேல்காலை மடக்கி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். சிரிப்பான், சிரிக்கட்டும். அப்போதே சொல்லிவிடுங்கள்: எந்த ராத்திரியானாலும், யார் குடித்திருந்தாலும், முதலில் 108, அடுத்து அம்மா. திட்டு மறுநாள்தான்.